வாவியில் மீன், வாவியில் தோணி: ஆங்கில முன்னிடைச்சொல் படிக்க எந்த வழி?

கல்லடிப் பாலத்தில் நின்றுகொண்டு மூன்று வாக்கியம் சொல்லலாம். வாவியில் மீன் ஓடுகிறது. வாவியில் தோணி போகிறது. பாலத்தில் நான் நிற்கிறேன். மூன்றுக்கும் நமக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் மீனுக்கு 'இன்', தோணிக்கு 'ஒன்', எனக்கும் 'ஒன்'. பாலத்தடியில் சந்திப்போம் என்று கூட்டாளியிடம் சொன்னால் 'அட்' வந்துவிடும்.

மட்டக்களப்பில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இறந்தகாலம், எதிர்காலமெல்லாம் சில மாதங்களில் பிடிபட்டுவிடுகிறது. 'இன்', 'ஒன்', 'அட்' மாதிரியான இந்தச் சின்னச் சொற்களில்தான், அதாவது முன்னிடைச்சொற்களில்தான், பிள்ளைகள் வருடக்கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். இவற்றைப் படிக்க மூன்று வழிகளை வகுப்பில் வைத்துப் பார்த்திருக்கிறேன்: தமிழ் வேற்றுமை உருபுக்கு நேர்ச்சொல் வைப்பது, படம் போட்டு விளங்கிக்கொள்வது, வினைச்சொல்லோடு சேர்த்து அப்படியே பாடமாக்குவது.

முதலாவது நம் கைக்கு எட்டிய வழி. 'உடன்' என்றால் 'வித்', 'இலிருந்து' என்றால் 'ஃப்ரம்', 'ஆல்' என்றால் 'பை' என்று பலகையில் அட்டவணை போட்டால் பத்து நிமிடத்தில் பாடம் முடிந்த மாதிரி இருக்கும். சிக்கல் அடுத்த நாள் வரும். 'கத்தியால் வெட்டினேன்' என்பதற்குப் பிள்ளை 'பை' போடும். ஆங்கிலத்தில் கருவிக்கு 'வித்'; செயப்பாட்டு வாக்கியத்தில் செய்தவருக்குத்தான் 'பை'. நம் 'ஆல்' இரண்டு வேலையையும் பார்க்கிறது. 'எனக்கு நாய்க்குப் பயம்' என்பதில் நாயோடு 'கு' இருப்பதால் 'டு' போட்டு எழுதிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அங்கே வரவேண்டியது 'ஒஃப்'.

தமிழில் நுணுக்கம் இல்லை என்று மட்டும் யாரும் நினைக்கக் கூடாது. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகள் சொல்கிறது. கண், மேல், கீழ், உள், புறம், இல் எல்லாம் அதில் உண்டு. 'வாவிக்குள்', 'வாவியின் மேல்' என்று பிரித்துச் சொல்ல நமக்கும் தெரியும். தோணி நீருக்கு மேலேதான் போகும் என்பது கேட்பவருக்கு விளங்கும் என்பதால் 'வாவியில்' என்று விட்டுவிடுகிறோம். ஆங்கிலம் அப்படி விட இடம் கொடுப்பதில்லை.

இந்த வழி அபாரமாக வேலை செய்யும் இடமும் ஒன்று உண்டு. 'வெள்ளிக்கிழமைக்குள் கொப்பியைக் கொண்டு வா', 'வெள்ளிக்கிழமை வரை கொப்பியை வைத்திரு'. முதலாவது 'பை', இரண்டாவது 'அன்டில்'. ஆங்கிலம் படிக்கிற பலரும் குழம்புகிற இந்தச் சோடியைத் தமிழ்ப் பிள்ளை ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 'என் மேல் கோபம்' என்று எழுத்துத் தமிழில் யோசிக்கிற பிள்ளை 'ஒன்' போட்டுப் பிழை விடும். வீட்டில் பேசுகிற மாதிரி 'என்னோட கோபமா?' என்று யோசித்தால் சரியான 'வித்' தானாக வரும். பேச்சு மொழியை வகுப்புக்கு வெளியே கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்தது படம். புள்ளிக்கு 'அட்', பரப்புக்கு 'ஒன்', கொள்கலனுக்கு 'இன்'. இடத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். கொழும்பிலிருந்து வருகிற ரயில் ஏறாவூரில் நிற்கும்போது, ஏறாவூர் பாதையில் ஒரு புள்ளி, ஆகவே 'அட்'. அதே ஏறாவூரில் குடியிருப்பவருக்கு அது ஊர், அவரைச் சுற்றி வீடும் தெருவும் இருக்கின்றன, ஆகவே 'இன்'. காருக்குள் உட்காரத்தான் முடியும், அதனால் 'இன்'. பஸ்ஸில் எழுந்து நடக்கலாம், அதனால் 'ஒன்'.

நேரத்துக்கும் இந்தப் படம் ஓரளவு நீளும். எங்கள் கரையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத திகதி ஒன்று இருக்கிறது. 2004 என்ற வருடத்துக்கு 'இன்', டிசம்பர் மாதத்துக்கும் 'இன்', 26ஆம் திகதிக்கு 'ஒன்'. வெறுமனே காலையில் என்றால் 'இன்'. ஆனால் 26ஆம் திகதி காலையில் என்று நாளைக் குறித்துச் சொன்னால் 'ஒன்'. கடிகார நேரம் சொன்னால் 'அட்'. பெரிய பெட்டியிலிருந்து புள்ளி வரை சுருங்கி வருவதைப் பலகையில் வரைந்து காட்டலாம். அந்தக் காலை மட்டும் படத்துக்குள் முழுசாக அடங்காது. அதைத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அறுகம்பேயில் வெள்ளைக்காரருக்கு வழி சொல்கிற ஆட்டோக்காரத் தம்பிமாருக்கும் நான் சிபாரிசு செய்வது படத்தைத்தான். 'கடைக்கு முன்னால்' என்று நாம் சொன்னால், கடை வாசலாகவும் இருக்கலாம், தெருவுக்கு அந்தப் பக்கமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் வாசலுக்கு 'இன் ஃப்ரன்ட் ஒஃப்', தெரு கடந்தால் 'ஒப்பசிட்'. இதை மாற்றிச் சொன்னால் வந்தவர் வெயிலில் அலைவார்.

படம் தோற்கிற இடம் மனம் சார்ந்த சொற்கள். கணக்கில் கெட்டிக்காரி என்பதற்கு ஏன் 'அட்'? ஒருவரை நம்பியிருப்பதற்கு ஏன் 'ஒன்'? திருமணத்துக்கு ஏன் 'வித்' இல்லாமல் 'டு'? காரணம் தேடிப் படம் வரைந்தால் பிள்ளைக்குப் படமும் மறக்கும், சொல்லும் மறக்கும்.

அங்கேதான் மூன்றாவது வழி. 'லிசன்' என்று தனியாக எழுதாதே, 'லிசன் டு' என்று எழுது. 'வெயிட்' இல்லை, 'வெயிட் ஃபோர்'. எதுவும் தேவைப்படாத வினைகளையும் இதே கொப்பியில் சேர்க்க வேண்டும். 'பற்றிக் கலந்துரையாடினோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' போடுகிறோம், அது வேண்டாம். 'ஆசிரியரிடம் கேட்டேன்' என்ற பழக்கத்தில் 'ஆஸ்க்' பின்னால் 'ஃப்ரம்' போடுகிறோம், அதுவும் வேண்டாம். சலிப்பான வழிதான், ஒத்துக்கொள்கிறேன். பட்டியலாகப் பாடமாக்கினால் ஒரு வாரம்கூட நிற்காது. ஒவ்வொன்றுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதினால் நிற்கிறது.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளை என்றால் படத்தில் தொடங்குங்கள். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், சேர்த்துப் பாடமாக்குவதுதான். உருபு அட்டவணையை மட்டும் முழுப் பாடமாக எங்கேயும் வைக்காதீர்கள். 'க்குள்', 'வரை' மாதிரி நேராகப் பொருந்துகிற நாலைந்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

படுவான்கரையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை தன் கொப்பியில் இரண்டு வரி எழுதியிருந்தாள். வகுப்புக்கு எப்படி வந்தாள் என்பதற்கு 'பை பஸ்'. வழியில் எங்கே நின்றுகொண்டு படித்தாள் என்பதற்கு 'ஒன் த பஸ்'. தமிழில் இரண்டும் 'பஸ்ஸில்'. அந்தப் பக்கத்தை இப்போது மற்றப் பிள்ளைகளுக்கும் காட்டுகிறேன்.