பதிவுக்குக் கீழே மாஸ்டடான் பின்னூட்டம்: ஆக்டிவிட்டிபப் நெடுநாள் அனுபவம்

தமிழ்மணம் திரட்டியில் பதிவர்கள் கூடிக் கும்மியடித்த காலத்தில் பின்னூட்டம் பதிவுக்குக் கீழேயே விழும். பிறகு எல்லாரும் ஃபேஸ்புக் போனார்கள். இணைப்பை அங்கே பகிர்ந்தால் பேச்சும் அங்கேயே நடந்து முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அகப்படாது. அந்த எரிச்சலில்தான் என் வேர்ட்பிரஸ் தளத்தை ஃபெடிவர்ஸோடு, அதாவது தனித்தனி சர்வர்களில் ஓடினாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மாஸ்டடான் போன்ற சமூகத் தளங்களின் வலையோடு, இணைத்தேன்.

அதற்கு ஆக்டிவிட்டிபப் என்ற நீட்சி (பிளகின்) ஒன்றே போதும். மத்தியாஸ் ஃபெஃபர்லே எழுதியது. 2023 மார்ச்சில் வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது, செப்டம்பரில் 1.0 பதிப்பு வந்தது. நிறுவியதும் தளமே ஒரு மாஸ்டடான் கணக்கு மாதிரி ஆகிவிடுகிறது. எந்த சர்வரில் இருப்பவரும் பின்தொடரலாம். அவர் அங்கே எழுதும் பதில் இங்கே பின்னூட்டமாக வந்து உட்காரும். நான் டாஷ்போர்டில் பதில் சொன்னால் அது அவருக்கே போய்ச் சேரும். பெயர், மின்னஞ்சல் எதையும் அவர் நிரப்ப வேண்டாம். வாசகர் பேசத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் அந்தப் படிவம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

தலைவலி கொடுத்தது கேஷ், அதாவது ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தடுத்து வருகிறவர்களுக்கும் தரும் ஏற்பாடு. பதிவின் ஒரே முகவரியை உலாவி கேட்டால் பக்கத்தைத் தர வேண்டும், மாஸ்டடான் சர்வர் கேட்டால் ஜேசான் (கணினிகள் படிக்கும் தரவு வடிவம்) தர வேண்டும். கேஷ் நீட்சி இந்த வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால், யாரோ ஒரு சர்வருக்குக் கொடுத்த ஜேசானை அடுத்து வரும் வாசகருக்கும் நீட்டிவிடும். அப்படி என் கட்டுரையைத் திறந்த ஒருவர் திரை முழுக்க அடைப்புக்குறிகளைப் பார்த்துவிட்டு, ‘தளத்தை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா சார்?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். இணைத்த கையோடு கேஷ் அமைப்பைச் சரிபாருங்கள். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்காக இருந்தால் இன்னொன்றும் உண்டு: இணைப்பு பரவும்போது ஒவ்வொரு மாஸ்டடான் சர்வரும் முன்னோட்டத்துக்காகத் தனித்தனியே உங்கள் கதவைத் தட்டும். கொஞ்ச நேரம் தளம் திணறும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் முகவரியில் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் (‘கா’ என்றால் க, கால் என்று இரண்டு) 9 இடம் பிடிக்கும். மொத்தம் 200 இடத்தோடு வெட்டிவிடும். ‘வடசென்னையில் ஒரு மழைக்கால மாலை’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘மழைக்கா’ என்று பாதியில் நின்றுவிடும். பகிரும்போது அதுவும் பெரும்பாலும் சதவீதக் குறிகளின் கூட்டமாகத்தான் தெரியும். வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு முகவரி கொடுத்துவிடுவது நல்லது. தள மொழி தமிழ் என்றும் குறித்துவிடுங்கள். ஆங்கிலம் என்றே விட்டால் மொழி வடிகட்டி வைத்திருப்பவர்கள் கண்ணில் பதிவு படாமலே போகலாம்.

ப்ளூஸ்கை என்ற சமூகத் தளம் மாஸ்டடான் மாதிரி இல்லாமல் வேறு நெறிமுறையில் ஓடுகிறது. அங்கே போக பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் வேண்டும். பதிவு 300 எழுத்துக்கு மேல் போனால் கத்தரித்து இணைப்பு போட்டுவிடும். அதிலும் ஒரு ஆறுதல்: ‘கொ’ அங்கே ஒரே எழுத்து. ட்விட்டர் அதை இரண்டாக எண்ணும்.

கூட்டம் வருமா என்றால், வராது. தமிழ் வாசகர்கள் இன்னும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறார்கள். ஃபெடிவர்ஸில் கட்டற்ற மென்பொருள்காரர்கள், கணித்தமிழ் ஆர்வலர்கள் என்று ஒரு சின்ன வட்டம். ஆனால் அந்த வட்டம் படித்துவிட்டுப் பேசுகிறது. லினக்ஸில் தமிழ்த் தட்டச்சு பற்றி எழுதியதற்கு ஒருவர் என் கட்டளை வரிக்கு மாற்று வரியே எழுதி அனுப்பினார். அது பதிவுக்குக் கீழே இருக்கிறது, கூகுளில் தேடி வருகிறவருக்கும் கிடைக்கிறது. ஃபேஸ்புக்கில் விழும் நூறு லைக்கை இதற்கு ஈடாக நான் வைக்க மாட்டேன்.

புதிதாகப் பின்தொடர வருகிறவருக்குப் பழைய பதிவுகள் தாமாகப் போய்ச் சேராது. அவர் சர்வரில் உங்கள் பக்கம் வெறுமையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பதிவின் முகவரியை அங்குள்ள தேடல் பெட்டியில் ஒட்டினால் வந்துவிடும். நீக்கிய பதிவுக்கு உத்தரவாதம் இல்லை. நீக்கச் சொல்லிச் செய்தி போகும், எல்லா சர்வரும் கேட்கும் என்று சொல்ல முடியாது. கணக்கின் பெயர் டொமைனோடு ஒட்டியது. பின்னால் டொமைனை மாற்றினால் பின்தொடர்பவர்களைக் கூடவே அழைத்துப்போவது பெரும்பாடு. மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு நீட்சியைத் தொடுங்கள்.