முப்பது வருடம் கழித்து எந்தக் கேசட் இன்னும் தெளிவாகப் பாடுகிறது?

1988 முதல் 95 வரை நானே பதிவு செய்த கேசட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. டிடிகே டி, எஸ்ஏ, மேக்செல் யுஆர், எக்ஸ்எல்-டூ, சோனி எச்எஃப், கொஞ்சம் மெட்டல் டேப். பெரும்பாலானவை ஒரே டெக்கில் (கேசட்டைப் பதியவும் கேட்கவும் உதவும் கருவி) பதிந்தவை. அழிக்க, பதிய, கேட்க என்று தனித்தனியாக மூன்று ஹெட் (டேப்பைத் தொடும் காந்த முனை) உள்ள டெக் என்பதால், பதியும்போதே மூல ஒலியையும் டேப்பில் விழுந்த ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்க முடிந்தது. கடந்த இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பதிந்த புதிதில் என் வரிசை எல்லோரும் சொல்வதுதான்: மெட்டல் முதலில், அப்புறம் எஸ்ஏ, எக்ஸ்எல்-டூ போன்ற டைப் டூ வகை, கடைசியில் டி, யுஆர், எச்எஃப் போன்ற சாதாரண ஃபெரிக் (இரும்பு ஆக்சைடு பூசியது). ஃபெரிக்கில் இரைச்சல் கூடுதல். ட்ரெபிளை (உயர்ந்த ஒலிகளை) சமன்செய்யும் அமைப்பை 120 மைக்ரோசெகண்டுக்குப் பதில் 70-ல் வைத்துக் கேட்கும் டைப் டூவில் அந்த 'ஸ்ஸ்' நன்றாகவே அடங்கிவிடும்.

இன்று அந்த வரிசை அப்படியே இல்லை. டைப் டூ என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றல்ல. எஸ்ஏ, எக்ஸ்எல்-டூ இரண்டிலும் இருப்பது கோபால்ட் சேர்த்த இரும்பு ஆக்சைடு. என்னிடம் உள்ளவை அன்று பதிந்த அளவிலேயே இன்றும் ஒலிக்கின்றன. நிஜமான குரோமியம் டை ஆக்சைடு பூசிய கேசட்டுகளும் ஒரு டஜன் வாங்கியிருந்தேன். அவற்றின் அமைதிக்கு இணையே இல்லை, ஆனால் காலம் போகப்போக அந்தப் பூச்சு காந்தத் தன்மையை இழக்கிறது. ஒலி குறைந்தது மட்டும் என்றால் வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். அவற்றை டால்பி பி-யில் பதிந்திருந்தேன்; இரைச்சலைக் குறைக்க, பதியும்போது மெல்லிய ட்ரெபிளைக் கூட்டி, கேட்கும்போது அதே அளவு குறைக்கும் முறை அது. அளவு குறைந்த ஒலி உள்ளே வந்தால் டால்பி ஏமாந்து ட்ரெபிளை இன்னும் வெட்டுகிறது. ஜால்ரா சத்தம் துணி போர்த்தியது போல ஆகிவிட்டது. அவற்றை டால்பியை அணைத்துவிட்டுத்தான் மாற்றினேன்.

என்னை நெகிழவைத்தது மலிவான டிடிகே டி. இரைச்சல் இருக்கிறது, ஆனால் குரலின் உடம்பு அப்படியே இருக்கிறது. பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பேன்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். சி-60 (இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) டேப் சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. மெல்லிய டேப்பில் ஒரு சுற்றின் ஒலி பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சி-90-ல் ஆலாபனை தொடங்கும் முன், மௌனத்துக்குள் அதே குரல் நிழல் மாதிரி கேட்கிறது. சி-120 இரண்டும் ரோலரில் சுற்றிக் கசங்கிப் போயின.

டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்ன ஃபெல்ட் துண்டின் பசை காய்ந்து சில கேசட்டுகளில் விழுந்துவிட்டது. ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் திறந்து இன்னொன்றிலிருந்து எடுத்து ஒட்டலாம். ஒட்டி மூடிய கூட்டைப் பிளக்கத்தான் வேண்டும்.

அப்பா பேசிய சி-60 ஒன்று, வேறொரு டெக்கில் பதிந்தது. முதலில் மந்தமாகக் கேட்டது. அந்த டெக்கின் ஹெட் சாய்வோடு பொருந்தும்படி, என் டெக்கில் ஹெட்டின் சாய்வை மாற்றும் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். 'ச'வும் 'ஸ'வும் பிரிந்து, அவர் தொண்டையைச் செருமியதுகூடத் தெளிவாக வந்தது. ஸ்க்ரூ முதலில் நின்ற இடத்தை மார்க்கரால் குறித்திருந்தேன். இரண்டு பக்கமும் மாற்றி முடித்ததும் அங்கேயே திருப்பி வைத்தேன்.