டிவிக்கு அடியில் எது: பழைய ஐ5-ஆ, புதிய என்100-ஆ?

டிவியோடு இணைத்துப் படம் பார்க்க ஒரு சிறு கணினி தேடுகிறீர்களா? அலுவலகங்கள் கழித்துவிட்ட, இன்டெல் ஐ5-8500டி சிப் உள்ள சிறு கணினிக்கு ஆறு கோர்கள் (கணக்குப் போடும் மையங்கள்). இன்டெல் என்100 சிப் உள்ள புதிய பெட்டிக்கு நான்குதான். ஆனால் படம் பார்க்க அத்தனை வேகம் எதற்கு? யூடியூப் ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்பும் காணொளியை விரிக்கும் வன்பொருள் பழையதில் இல்லை. சுமை முழுவதும் சிபியு (மையச் செயலி) தலையில் விழுகிறது, விசிறி இரைகிறது. என்100-இல் அது உண்டு. சிப் வெளியிடும் வெப்பத்துக்கு நிறுவனம் குறித்த கணக்கும் பழையதின் 35 வாட்டுக்கு எதிராக 6 வாட்தான்.

இன்னொரு வில்லங்கம்: பல பழைய பெட்டிகளின் ஹெச்டிஎம்ஐ 4கே-யில் நொடிக்கு 30 பிரேமோடு நின்றுவிடும். மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு துளையில் ஹெச்டிஎம்ஐ அடாப்டர் ஒன்றைச் செருகினால் 60 கிடைக்கும். அது தனிச் செலவு.

உங்கள் டிவி 1080பி (முழு ஹெச்டி) என்றால் பழையதே போதும், பேரம் பேசி வாங்குங்கள். 4கே டிவிக்கு என்100. எதுவானாலும் ராம் 8 ஜிபிக்கு மேல் வேண்டாம். மிச்சப் பணம் ஹார்ட் டிஸ்க்குக்கு.