டெட்ராய்ட், பிட்ஸ்பர்க்: இரு நகரங்களின் சரிவு

1950-இல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் 2020-இல் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 6.4 லட்சம் பேர். அதே காலத்தில் அந்நாட்டின் மற்றொரு நகரமான பிட்ஸ்பர்க் 6.8 லட்சத்திலிருந்து 3 லட்சமாகச் சுருங்கியது. விகிதத்தைவிட விளைவில்தான் வேறுபாடு அதிகம். டெட்ராய்ட்டின் கார் ஆலைகள் புறநகர்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் இடம்பெயர, வரி செலுத்துவோரும் வெளியேறியதால், சுமார் 360 சதுர கிலோமீட்டர் பரப்புக்கான குடிநீர்க் குழாய்களையும் ஓய்வூதியக் கடன்களையும் குன்றிய வருவாயில் சுமந்த அந்நகரம் 2013-இல் திவால் மனு அளித்தது. அப்போது தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. பிட்ஸ்பர்க் வட்டாரத்து எஃகு ஆலைகள் 1980-களில் பெரும்பாலும் மூடப்பட்டபோதும், பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் (ஆலைகளைப் போல அவை எளிதில் ஊர் மாறுவதில்லை) நகருக்குள்ளேயே வேலை தந்தன. ஆனால் அவற்றின் சொத்துகளில் பெரும்பகுதிக்கு வரிவிலக்கு உண்டு என்பதால், அவற்றிலிருந்து நகருக்குக் கிடைக்கும் சொத்து வரி குறைவு. பிட்ஸ்பர்க்கும் 2003 முதல் 2018 வரை மாநில அரசின் நிதிக் கண்காணிப்பில்தான் இருந்தது.