நான்கு கோப்புறைகள்: கார்சியாவுக்குப் பிறகான டெட் அணிகளைப் பதினைந்து வருடம் கேட்ட அனுபவம்

என் காரில் ஒரு பென் டிரைவ் எப்போதும் செருகியபடியே கிடக்கிறது. அதில் நான்கு கோப்புறைகள். நான்கிலும் இருப்பவை ஏறத்தாழ ஒரே பாட்டுகள்தான், வாசித்தவர்கள்தான் வேறு. கிரேட்ஃபுல் டெட் குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று இறந்தார். அதன் பிறகு, மிஞ்சிய உறுப்பினர்கள் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு புதுப்புதுப் பெயர்களில் நடத்திய கச்சேரிகளின் பதிவுகள் அவை. 2010 முதல் சிலவற்றை நேரில் கேட்டேன், மற்றவற்றைப் பதிவுகளில் கேட்டுவருகிறேன். எந்த அணி சிறந்தது என்று நாலு டெட்ஹெட்கள், அதாவது டெட் பித்துப் பிடித்த ரசிகர்கள், இருக்கும் இடத்தில் கேட்டுவிட்டால் போதும், சாப்பாடு ஆறிவிடும். நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி சிறியது: அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் நாற்பது நிமிடத்தில் என் விரல் எந்தக் கோப்புறைக்குப் போகிறது?

பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1965இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கிய குழு இது. இவர்களுக்குப் பாட்டு என்பது ஒரு வாசல், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு எங்கே திரும்புவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. ஒரு நாள் ஏழு நிமிடத்தில் முடிந்த பாட்டு இன்னொரு நாள் இருபத்தைந்து நிமிடம் ஓடும். பாடல் வரிசையும் இரவுக்கு இரவு மாறும். ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்வதற்கென்றே 1984 முதல் அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள் என்பதிலிருந்து, ஒவ்வொரு இரவும் எவ்வளவு வேறுபட்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பிடிபடாதது ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியில் தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் கூட உண்டு. நம் சபாக்களில் அந்த நேரத்தில் காபிக்கு எழுந்து போவார்கள், இங்கே பீருக்குப் போகிறார்கள். தாளக்காரர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், நம் விக்கு விநாயக்ராமின் கடத்தையும் ஜாகிர் உசேனின் தபலாவையும் சேர்த்து 1991இல் 'பிளானட் டிரம்' தொகுப்பை வெளியிட்டு கிராமி வாங்கியவர். இதைச் சொன்ன பிறகுதான் என் மனைவி அந்தப் பகுதியை மட்டும் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள்.

முதல் கோப்புறையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1998இல் 'தி அதர் ஒன்ஸ்' என்ற பெயரில் தொடங்கி, 2003இல் 'தி டெட்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, விட்டுவிட்டு 2009 வரை நடந்தவை இதில் இருக்கின்றன. ஜிம்மி ஹெர்ரிங், வாரன் ஹெய்ன்ஸ் என்று கிதாருக்கு ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஹெய்ன்ஸ் பெரிய கலைஞர். ஆனால் அவர் குரலும் கிதாரும் தொட்டதையெல்லாம் கனத்த ப்ளூஸாக மாற்றிவிடும். கார்சியாவின் பாட்டுகளில் இருக்கும் அந்த லேசான அசட்டுச் சிரிப்பு அவரிடம் தங்குவதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை திறப்பேன்.

இரண்டாவது, ஃபர்தர். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையப் பேச வேண்டும்.

2009இல் கிரேட்ஃபுல் டெட்டின் இன்னொரு கிதார் கலைஞரும் பாடகருமான பாப் வியரும் பேஸ் கிதார் வாசிக்கும் ஃபில் லெஷும் சேர்ந்து தொடங்கிய அணி. கார்சியாவின் இடத்துக்கு ஜான் காட்லெசிக் என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் அதுவரை இருந்த குழுவின் தொழிலே, பழைய கிரேட்ஃபுல் டெட் கச்சேரி ஒன்றை எடுத்து அதே பாடல் வரிசையில் மறுபடி வாசித்துக் காட்டுவதுதான். நகலெடுப்பவரை மூலக் குழுவிலேயே சேர்ப்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். நானோ அவருக்காகவேதான் 2010 டிசம்பர் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவின் பில் கிரஹாம் அரங்கத்துக்குப் போனேன். கார்சியாவை நேரில் பார்க்காத எனக்குக் கண்ணை மூடிக்கொண்டால் அவரே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

இந்த மயக்கம் இரண்டு வருடத்தில் தெளிந்துவிட்டது. கார்சியா எங்கே திரும்புவார் என்று தெரிந்த பாதையில்தான் காட்லெசிக்கும் பெரும்பாலும் திரும்புகிறார் என்பது பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது தெரிந்தது. ஆனால் கோப்புறையை விட முடியவில்லை. ஏன் என்று புரிய இன்னும் சில வருடம் ஆனது. நான் கேட்டுக்கொண்டிருந்தது கிதாரை அல்ல, அதற்குக் கீழே நடந்ததை.

பேஸ் என்றால் தாளத்தோடு ஒட்டி, சுருதியின் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். லெஷ் அந்த வேலையைச் செய்யவே மாட்டார். வயலினும் டிரம்பெட்டும் கற்று, மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் இசையமைப்பு படித்தவர். கார்சியா குழுவில் சேர அழைத்தபோது பேஸைத் தொட்டதே இல்லை. அதனால் அவர் வாசிப்பது பக்கத்தில் நடந்தபடியே எதிர்வாதம் செய்யும் ஆளைப் போல இருக்கும். முதல் முறை கேட்டபோது ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். இந்த ஆளுக்குக் கீழே ஜோ ருஸ்ஸோ என்ற ஒற்றை டிரம்மர். தொடக்கத்தில் ஜே லேன் என்ற இன்னொருவரும் இருந்தார், 2010லேயே விலகிவிட்டார். டெட் பாரம்பரியத்தில் இரண்டு டிரம்மர்கள் என்பது கிட்டத்தட்டச் சாத்திரம். சாத்திரம் மீறப்பட்டதால் இடைவெளி கிடைத்தது. லெஷ் தாளத்தை விட்டு எங்கே அலைந்தாலும் ருஸ்ஸோ கயிற்றை விடாமல் பிடித்திருக்கிறார். வேகமும் குறையவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பின்பாட்டுக்காரர்கள் தேவைக்கு மேல் இனித்தார்கள். லெஷின் குரல் சுருதியோடு ஒரு நாள் நட்பு, ஒரு நாள் பகை. ஆனாலும் அவர் கடைசிப் பாட்டுக்கு முன் மைக்கைப் பிடித்து, 1998இல் தமக்கு நடந்த கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையைச் சொல்லி, உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யுங்கள் என்று கேட்பாரே, அதைப் பதிவில் கூட நான் தாண்டிப் போனதில்லை. என் ஓட்டுநர் உரிமத்தில் உறுப்பு தானத்துக்கு அடையாளமாக இருக்கும் இளஞ்சிவப்புப் புள்ளி அவர் சொல்லி வாங்கியது. 2013இல் வியர் மேடையிலேயே சரிந்து விழுந்தார். 2014இல் ஃபர்தர் அதிகாரபூர்வமாகக் கலைந்தது.

மூன்றாவது கோப்புறை 2015இன் 'ஃபேர் தீ வெல்'. ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு ஐந்தே இரவுகள்: சான்டா கிளாராவில் இரண்டு, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் மூன்று. கார்சியா கடைசியாக வாசித்த இடமும் சோல்ஜர் ஃபீல்டுதான். கிதாருக்கு ஃபிஷ் குழுவின் ட்ரே அனஸ்டாசியோ, பியானோவுக்கு புரூஸ் ஹார்ன்ஸ்பி. சிகாகோ டிக்கெட்டுக்குப் பழைய முறைப்படி தபாலில் மணி ஆர்டர் அனுப்பினேன். உறையில் என் மகள் டெட்டின் அடையாளமான ரோஜாவும் மண்டை ஓடும் வரைந்து வண்ணம் தீட்டினாள். பணம் திரும்பி வந்தது, உறை வரவில்லை. அவளுக்குப் பின்னதுதான் வருத்தம்.

சான்டா கிளாராவின் முதல் இரவில் இருந்தேன். ஏறத்தாழ முழுவதும் 1970 வரையிலான பாட்டுகள். முதல் பாதி முடியும் தறுவாயில் அரங்கத்தின் மேல் வானவில் வந்தது. ஏற்பாட்டாளர்கள் காசு கொடுத்து வரவழைத்தது என்று வதந்தி பரவி, அதைப் பலர் நம்பவும் செய்தார்கள். அந்தக் கூட்டத்தின் மனநிலைக்கு அதுவே சான்று. நிகழ்வாக மறக்க முடியாதது. ஆனால் கேட்கும் பொருளாகப் பார்த்தால், அனஸ்டாசியோ சம்பந்தி வீட்டுக்கு வந்தவரைப் போல அளவுக்கு மீறி மரியாதையாக வாசிக்கிறார். பத்து வருடத்தில் மூன்று முறை திறந்திருப்பேன்.

நான்காவது டெட் அண்ட் கம்பெனி. 2015 அக்டோபரில் தொடங்கியது. வியர், ஹார்ட், பழைய டிரம்மர் பில் க்ரூட்ஸ்மன் மூவருடனும் பாப் பாடகராகப் பெயர் பெற்ற கிதார் கலைஞர் ஜான் மேயர் சேர்ந்தார். அந்த ஜான் மேயரா என்று கேட்காதவர் யாருமில்லை. 2011இல் இணைய வானொலியில் தற்செயலாக டெட்டின் 'அல்தியா' பாட்டு காதில் விழப்போய் இந்தப் பித்துப் பிடித்தவர் அவர். எதிர்வீட்டுப் பெரியவர் எழுபதுகளிலிருந்து டெட்டைப் பின்தொடர்ந்தவர், வீட்டு கராஜில் சுவர் முழுக்கக் கேசட் வைத்திருப்பவர். மேயர் பெயரைக் கேட்டதும் அவர் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அதே மனநிலையோடுதான் 2017இல் ஷோர்லைன் அரங்கத்துக்குப் போனேன்.

மேயரிடம் குறை காண முடியவில்லை. கார்சியாவைப் போல ஒலிக்க அவர் முயலவில்லை. கார்சியா யோசித்த விதத்தைப் பழகிக்கொண்டு, தம் குரலிலேயே பேசினார். குறை வேகத்தில் இருந்தது. தெரிந்த பாட்டுகள் எல்லாம் மாட்டு வண்டி ஏறி வந்தன. ரசிகர்கள் 'டெட் அண்ட் ஸ்லோ' என்று பெயர் வைத்தது சும்மா அல்ல. லெஷ் இருந்த இடத்தில் ஓட்டீல் பர்பிரிட்ஜ்: ஆல்மன் பிரதர்ஸ் குழுவிலிருந்து வந்தவர், தேர்ந்த வித்வான், தரையை விட்டு அகலாதவர். எதிர்வாதம் செய்யும் ஆள் போய்விட்டாரே என்றிருந்தது. அந்த வருடப் பதிவுகளை வாங்கி, ஆறு மாதம் தொடாமல் கிடந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெஃப் கிமென்டி என்ற கீபோர்டு கலைஞர் இந்த நான்கு கோப்புறைகளிலும் இருக்கிறார். 2002இல் உள்ளே வந்தவர் அதன் பிறகு எல்லா அணிகளிலும் தொடர்ந்தார். சுவரொட்டியில் அவர் பெயரைப் பெரிதாகப் போட்டு நான் பார்த்ததில்லை. வியரும் நான்கிலும் உண்டு. சோதனைச்சாலையில் இரண்டை மாற்றாமல் வைத்து மற்றவற்றை மாற்றிப் பார்ப்பது போல, இந்த இருவரும் நிலையாக இருப்பதால்தான் எந்த மாற்றம் என்ன செய்தது என்று பிரித்தறிய முடிகிறது.

2023இல் அந்தச் சோதனையைக் குழுவே செய்து காட்டியது. கடைசிச் சுற்றுப்பயணத்துக்குச் சற்று முன் க்ரூட்ஸ்மன் விலக, ஃபர்தரின் தொடக்க நாட்களில் இருந்த அதே ஜே லேன் வந்தார். அதே மேயர், அதே பர்பிரிட்ஜ், அதே பாட்டுகள். ஒரே ஒரு டிரம்மர் மாறினார், வண்டியில் குதிரையைப் பூட்டிய மாதிரி ஆனது. ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க்கில் நடந்த கடைசி மூன்று இரவுகளைக் கேளுங்கள். பர்பிரிட்ஜ் தரையில் நிற்பது குறையாகத் தெரியவில்லை. அவர் நிற்பதால்தான் மேயரும் கிமென்டியும் அவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்ப முடிகிறது. நான் அவரை ஆறு வருடம் தவறாகக் கேட்டிருக்கிறேன். கார்சியாவின் இடத்தில் யார் என்ற கேள்விக்காக நான் செலவழித்த டிக்கெட் பணத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானித்தவர்கள் பின்வரிசைக்காரர்கள்.

2024இல் லாஸ் வேகஸில் உட்சுவரே திரையாக இருக்கும் ஸ்பியர் அரங்கில் முப்பது இரவுகள் வாசித்தார்கள். ஒன்றுக்குப் போனேன். ஆஷ்பரி தெருவில் அவர்கள் குடியிருந்த பழைய வீட்டிலிருந்து கிளம்பி விண்வெளிக்கு ஏறும் காட்சியில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒலி துல்லியம். ஆனால் முன்னே அவ்வளவு பெரிய திரை இருக்கும்போது காது இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. அன்று என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. அதே அக்டோபரில் லெஷ் இறந்தார். அவருக்கு 84 வயது.

இன்றைய கணக்கில் பாதிக்கு மேல் ஃபர்தர், அடுத்து 2023 மட்டும், மற்றவை எப்போதாவது. புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால் ஆரக்கிள் பார்க்கைத்தான் கொடுப்பேன். ஃபர்தரை முதலில் கொடுத்தால் லெஷைக் கேட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பழுதுபார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் கோல்டன் கேட் பூங்காவில் அறுபதாம் ஆண்டுக்கு மூன்று நாள் வாசித்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவரை வற்புறுத்தி ஒரு நாள் அழைத்துப்போனேன். பனி இறங்கிய மைதானத்தில் மடக்கு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது காரில் ஏறி இடுப்புப் பட்டையை மாட்டியவர், "ஃபில் பக்கத்தில் ஒற்றை டிரம்மர் இருந்த அணி என்று சொல்வாயே, அதைப் போடு" என்றார். இரண்டாவது கோப்புறையைத் திறந்தேன். சான் மேட்டியோ தாண்டியும் முதல் பாட்டு முடியவில்லை.