லைமுக்கு மாத்திரை போட்டும் காய்ச்சல் இறங்கவில்லையா? நாங்கள் போன இரண்டு இடங்கள்

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உண்ணிக் கடிக்கும், அதனால் வரும் லைம் என்ற பாக்டீரியா நோய்க்கும் எந்த டாக்டரிடம் போவது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளினிக் பெயர்களைச் சொல்லப்போவதில்லை, ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த ஊரில் இருந்தாலும் உதவும்.

ஜூன் மாதம், திருச்சியிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகச் சிவந்து, காய்ச்சலும் வந்தது. வீட்டுக்குப் பின்னால் காடு, அவர் நாள் முழுக்கத் தோட்டத்தில்தான் இருப்பார். கடித்த உண்ணியை யாரும் பார்க்கவில்லை, அந்தப் பருவத்தில் அது கசகசா அளவுதான் இருக்கும். பக்கத்து அவசர சிகிச்சை கிளினிக்கில் தடிப்பைப் பார்த்ததுமே லைம் என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 10 நாளுக்குக் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காதது சரிதான், முதல் சில வாரங்களில் அது பலருக்கு நெகடிவ் என்றே வரும். என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. நான்காம் நாள் தடிப்பு மங்கிவிட்டது, ஆனால் குளிர் நடுக்கம், தலையணை நனையும் வியர்வை, சிறுநீர் வேறு கருத்துப் போயிருந்தது. போன் செய்தால் "மாத்திரை முழுசும் முடியட்டும்" என்றார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தொற்றுநோய் மருத்துவரிடம் நேரம் வாங்கினோம். அந்த அம்மா முதலில் கேட்டது, மண்ணீரலை எடுத்திருக்கிறார்களா, ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா, இந்தியாவிலிருந்து எப்போது வந்தார் என்பதைத்தான். அப்புறம் பொறுமையாக விளக்கினார். லைம் கிருமியைக் கொடுக்கும் அதே மான் உண்ணி அனாபிளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவையும் பபீசியா என்ற கிருமியையும் சேர்த்தே கொடுக்கலாம். லைமையும் அனாபிளாஸ்மாவையும் டாக்ஸிசைக்ளின் (சுருக்கமாக டாக்ஸி) பார்த்துக்கொள்ளும், பபீசியாவை அது தொடாது, ஏனென்றால் அது பாக்டீரியா இல்லை, மலேரியாக் கிருமி மாதிரி சிவப்பணுவுக்குள் புகும் ஒட்டுண்ணி. அன்றைக்கே ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். தட்டணுக்கள் குறைந்திருந்தன, சிவப்பணுக்களுக்குள் வளையம் வளையமாக ஏதோ இருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால் மலேரியாவோ என்று சந்தேகம் வரத்தானே செய்யும். நான்கு நான்காகச் சேர்ந்து சிலுவை மாதிரித் தெரிந்ததை வைத்துப் பபீசியா என்றார், பிறகு வந்த பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனையும் அதையே சொன்னது.

டாக்ஸியை முடிக்கச் சொல்லி, கூடவே பபீசியாவுக்கு அட்டோவகுவோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு மருந்துகளும் 10 நாள். அட்டோவகுவோன் மஞ்சள் பெயிண்ட் மாதிரி ஒரு திரவம், கொழுப்புள்ள சாப்பாட்டோடு குடித்தால்தான் உடம்பில் சேரும், நாங்கள் நெய் சாதத்தோடு கொடுத்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அந்த மருந்துக்காக மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கியதும், விசிட்டர் இன்சூரன்ஸோடு இன்னமும் மல்லுக்கட்டுவதும் தனிக் கதை.

இரண்டு மாதம் அப்பாவுக்கு அசதி போகவில்லை. மாதக்கணக்கில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றும் தனியார் இடத்துக்குப் போகச் சொல்லித் தெரிந்தவர்கள் வற்புறுத்தினார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அப்படி நீட்டிப்பதால் நிலைத்த பலன் இல்லை என்றுதான் ஆய்வுகள் காட்டின, ஊசிக் குழாய் வழியாகவே ரத்தத்தில் கிருமி சேர்ந்து ஆபத்தானவர்களும் உண்டு. எங்கள் டாக்டர் அசதியை "வயசாச்சு" என்று ஒதுக்கவில்லை, வெறுமனே மருந்தையும் கூட்டவில்லை. திரும்ப ரத்தம் பார்த்தார், ஒட்டுண்ணி இல்லை என்று உறுதி செய்தார், மெதுவாக நடக்கச் சொன்னார்.

அந்தத் தொற்றுநோய் மருத்துவருக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். டாக்ஸி தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால், பபீசியாவுக்கு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அப்பா ஊருக்குக் கிளம்பும்போது அந்த டாக்டர் பரிசோதனை முடிவுகளோடு ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினார், காய்ச்சல் திரும்பினால் திருச்சியில் யாரும் அதை மலேரியா என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.