கெய்ஜோவா, ஹருகனா ரிசீவா?

நீச்சலுடைப் பெண்களை வைத்து எடுத்த விளையாட்டு அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) என்று பேச்செடுத்தாலே இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒன்று 2016 அக்டோபரில் வந்த 'கெய்ஜோ'. பெயருக்குப் பின்னால் எட்டு ஆச்சரியக்குறிகள் போடுகிறார்கள், நான் போடப்போவதில்லை. இன்னொன்று 2018 ஜூலையில் வந்த 'ஹருகனா ரிசீவ்'. இரண்டும் தலா 12 பகுதிகள். அனிமே பார்ப்பவர்கள் எந்தத் தொடருக்கும் கொடுக்கும் மூன்று பகுதி அவகாசத்தை இரண்டுக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு முழுதாக உட்கார்ந்து பார்த்தது ஹருகனா ரிசீவ். கெய்ஜோவின் மீதியை அங்கங்கே தாவித்தான் பார்த்தேன். இரண்டுக்கும் மூலமான மாங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸை, படித்ததில்லை. ஆகவே கீழே வருவதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்த கருத்து என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

படம் அழகா, பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதிலெல்லாம் நேரம் போக்க வேண்டாம். ஒகினாவாவின் கடலும் வானமும் ஹருகனா ரிசீவில் கண்ணுக்குக் குளிர்ச்சி. கெய்ஜோவில் பாதிக் கதை நீச்சல் குளத்தில்தான், அதற்கு என்ன அழகு வேண்டுமோ அது இருக்கிறது. ஃபேன்சர்வீஸ், அதாவது ரசிகர்களை இழுக்கவென்றே காட்டும் கவர்ச்சி, இரண்டிலும் தாராளம். அது பிடிக்காதவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு நேராகக் கடைசிக்கு முந்தைய பத்திக்குப் போகலாம். அவர்களுக்கு அங்கே வேறொன்று வைத்திருக்கிறேன்.

முதலில் கெய்ஜோ. தண்ணீரில் மிதக்கும் ஒரு மேடை. அதன்மேல் நீச்சலுடையில் பெண்கள். கைகால் படாமல், மார்பாலும் பின்புறத்தாலும் மட்டுமே இடித்து எதிராளியைத் தண்ணீரில் தள்ள வேண்டும். இதற்குப் பந்தயப் பணமும் உண்டு. கேட்டவுடன் எழுந்து போய்விடத் தோன்றும். ஆனால் இந்தக் கேலிக்கூத்துக்குப் பின்னால் உண்மையான ஜப்பான் ஒன்று ஒளிந்திருக்கிறது. அங்கே குதிரை, சைக்கிள், மோட்டார் படகு, மோட்டார் சைக்கிள் என்று நான்கு பந்தயங்களில் சட்டப்படி பணம் கட்டலாம். சைக்கிள் பந்தயம் 1948-லும் படகுப் பந்தயம் 1952-லும் தொடங்கியவை. போருக்குப் பின் கையில் காசில்லாத உள்ளாட்சிகளுக்கு வருமானம் வேண்டுமென்றுதான் இவற்றுக்கு வழிவிட்டார்கள். படகு ஓட்டுநராக ஆசைப்பட்டால் ஃபுகுவோகா மாகாணத்தில் உள்ள பயிற்சிப் பள்ளியில் தங்கி, ராணுவம் மாதிரி ஒழுங்கில் ஓராண்டு கழித்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். கெய்ஜோவின் செட்டோஉச்சி பயிற்சிப் பள்ளி அதன் கேலிப் பிரதி என்றுதான் எனக்குப் படுகிறது. நுழைவுத்தேர்வு, தரவரிசை, மேல் வகுப்புக்கு அடித்துக்கொள்வது எல்லாமே அங்கே இருக்கிறது.

நாயகி நொஸோமிக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் அத்துபடி. வீட்டில் காசு இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் பேர் கிடைக்கும், பணம் கிடைக்காது. கெய்ஜோவில் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். விளையாட்டு அனிமே நாயகர்கள் 'கனவு', 'நட்பு' என்று பேசிப் பேசிக் காது புளித்தவர்களுக்கு இந்தப் பணத்தாசை ஒரு நிம்மதி. ஜூடோவை விட்டுவிட்டு அப்பாவின் கோபத்துக்கு ஆளாகும் சயாகாவும் சட்டென்று மனதில் நிற்கிறாள். நோன் தடுமாறி விழுந்தே வேலையை முடிக்கிறாள். கஸானே தொட்ட உடம்பை மனப்பாடம் செய்துகொள்பவள். ஆளுக்கொரு 'விசேஷ அடி' உண்டு. அவற்றின் பெயர்களை முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல் வர்ணனையாளர் உரக்கச் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. சண்டை அனிமேக்களின் உருமாற்றம், ரகசியக் கலை, முன்கதை அழுகை எல்லாவற்றையும் எடுத்து இந்த இடித்துத் தள்ளும் விளையாட்டுக்குள் போட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். அதிலே ஒரு நேர்மை இருக்கிறது. கேமரா எங்கே பார்க்கிறதோ அங்கேதான் ஆட்டமும் நடக்கிறது என்பதால் எதையும் மறைத்து வைத்து நடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் மூன்றாம் பகுதிக்குப் பிறகு எனக்கு ஒரு தொல்லை. யார் ஜெயிப்பார்கள் என்பதை ஊகிக்கவே முடியாது, அதற்குக் காரணம் விறுவிறுப்பு அல்ல, வெற்றி தோல்வியைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லாததுதான். புதிதாக ஒருத்தி வருவாள், இதுவரை கேள்விப்படாத ஒரு அடியை எடுத்து விடுவாள், ஆட்டம் முடிந்தது. பின்னால் வரும் கிழக்கு-மேற்கு மோதலைத் தாவிப் பார்த்தபோதும் அதேதான். நகைச்சுவையாக அது சரி. விளையாட்டு அனிமேவாக அடுத்த பகுதியை உடனே போட வைக்கும் கொக்கி அங்கே இல்லை.

ஹருகனா ரிசீவுக்கு வருவோம். டோக்கியோவிலிருந்து ஹருகா என்ற உயரமான பெண், ஒகினாவாவில் இருக்கும் உறவுக்காரப் பெண் கனாதாவின் வீட்டுக்கு வருகிறாள். கடற்கரையில் வாலிபால் ஆடும் நருமி, அயாசா இருவரையும் சந்திக்கிறாள். நருமியும் கனாதாவும் ஒருகாலத்தில் ஜோடி. கனாதா ஆட்டத்தை விட்டுவிட்டாள், காரணம் அவள் குள்ளம். ஆட்டமே தெரியாத ஹருகா சவால் விடுகிறாள், கனாதாவை மறுபடி மணலுக்கு இழுத்து வருகிறாள். கதை இவ்வளவுதான். ஆயிரம் முறை பார்த்த கதை.

குள்ளமான பெண் வாலிபாலை விட்டாள் என்பதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். நமக்குத் தெரிந்த ஆறு பேர் வாலிபாலில் குள்ளமானவர்களுக்கும் இடம் இருக்கிறது. பந்தை லிஃப்ட் செய்யலாம், அதாவது அடிப்பவருக்கு உயர்த்திக் கொடுக்கலாம், பின்வரிசையில் எடுத்துக் கொடுக்கலாம். 1998-லிருந்து லிபெரோ என்று தற்காப்புக்கென்றே ஒரு தனி இடம் உண்டு, அவர் ஸ்மாஷ் அடிக்கவே வேண்டாம். பீச் வாலிபாலில் இந்தக் கதவுகள் எல்லாம் மூடியிருக்கின்றன. ஒரு பக்கம் 8 மீட்டருக்கு 8 மீட்டர் மணல், இரண்டே பேர். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவர் அடிபட்டு ஆட முடியாமல் போனால் அந்த ஜோடியின் ஆட்டம் அதோடு சரி.

இப்போது இதோடு சாதாரண வாலிபாலின் பழைய விதியைச் சேர்த்துப் பாருங்கள். பந்தை எதிர்ப்பக்கம் அனுப்புமுன் மூன்று தொடுதல்தான், ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கூடாது. இரண்டே பேர் இருக்கும்போது அதன் அர்த்தம் என்ன? சர்வீஸை யார் எடுக்கிறாரோ, அவருடைய கூட்டாளிதான் லிஃப்ட் செய்ய வேண்டும். ஆகவே ஸ்மாஷ் அடிக்க வேண்டியதும் முதலில் எடுத்தவரேதான். யார் அடிக்கப்போகிறார் என்பதை எதிரணி தன் சர்வீஸாலேயே தீர்மானித்துவிடலாம். ஜோடியில் ஒருத்தி குள்ளம் என்றால் ஒவ்வொரு சர்வீஸும் அவளைத் தேடி வரும். பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்து, 2.24 மீட்டர் உயர வலைக்கு மேல் அவளே தாவி அடிக்க வேண்டும். எதிரே நெட்டையாக ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அடுத்த புள்ளியிலும் இதே கதை. ஆட்டம் முழுக்க இதே கதை.

இது புரிந்த நிமிடத்தில் கனாதா எனக்கு வேறு ஆளாகத் தெரிந்தாள். அவள் மனசு விட்டுப்போய் ஓடியவள் அல்ல. தன்னால்தான் நருமி தோற்கிறாள் என்பதை ஒவ்வொரு சர்வீஸிலும் கண்ணால் பார்த்தவள். இதற்கு யாரும் வசனம் பேச வேண்டியதில்லை, விதியே பேசிவிடுகிறது. நருமியின் கோபமும் அதிலிருந்து வருவதுதான். பாரம் ஒருத்தி மேல் விழும் ஆட்டத்தில் அந்த ஒருத்தி சொல்லாமல் விலகிக்கொண்டால் மிச்சமிருப்பவளுக்கு ஜோடியே இல்லை.

கனாதா திரும்பி வரும் வழியும் விதிக்குள்ளேயே இருக்கிறது. பீச் வாலிபாலில் விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட அனுமதி இல்லை. அதனால் விரலை மடக்கி, மூட்டுகளால் தட்டும் 'போக்கி' என்றொரு அடி வைத்திருக்கிறார்கள். பலத்துக்கு அதில் வேலையே இல்லை, எதிரே எங்கே ஆள் இல்லை என்று பார்க்கும் கண்தான் வேண்டும். அதுதான் கனாதாவின் ஆயுதம். ஹருகாவின் உயரம் மறுபுறம் வலையருகே பயன்படுகிறது. ஆனால் அங்கும் ஒரு சிக்கல்: உள்ளரங்க வாலிபாலில் பிளாக்கில், அதாவது வலைக்கு மேல் நீட்டித் தடுக்கும் கையில், பட்ட பந்து ஒரு தொடுதலாகக் கணக்கில் வராது, மணலில் வரும். பிளாக்கில் பட்டு நம் பக்கமே விழுந்தால் மீதி இரண்டு தொடுதல்தான். ஆகவே பிளாக் போடுவதா, பின்வாங்குவதா என்பதை முன்கூட்டியே பேசி வைத்தாக வேண்டும். வலைப்பக்கம் நிற்பவள் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுகிறாளே, அது இதற்குத்தான். ஹருகா அந்த விரல்மொழியைக் கற்றுக்கொள்வது கதையின் நட்புக் காட்சிகள் பலவற்றைவிட எனக்குப் பிடித்திருந்தது. காற்று ஒரு பக்கம் சாதகமாக இருக்குமென்பதால் ஏழு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுகிறார்கள். அப்போது மூச்சு வாங்கிக்கொண்டு பேசும் அந்தச் சில நொடிகளையும் தொடர் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

மணலில் நான் ஆடியதில்லை. ஆடியவர்கள் இதில் ஓட்டை கண்டுபிடிக்கலாம். பந்து காற்றில் இருக்கும்போது இவர்கள் யோசிக்கும் நேரம் மனிதர்களுக்குச் சாத்தியமா என்பது எனக்கே சந்தேகம்தான். ஆனால் அது எல்லா விளையாட்டு அனிமேவிலும் உள்ள வியாதி.

இனி குறை. கேமரா. இந்தப் பெண்கள் பள்ளி மாணவிகள். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே அது போய் நிற்கும் இடங்கள் எனக்குச் சங்கடமாக இருந்தன. நீச்சலுடை வாங்கும் காட்சியை ஓட்டிவிட்டால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 'நிஜ வீராங்கனைகளும் பிகினிதானே போடுகிறார்கள்' என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். பாதி உண்மை. 2012-இலேயே சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு அரைக்கால் சட்டை, கை வைத்த மேல்சட்டைக்கு விதியில் இடம் கொடுத்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் தோவா எல்கோபஷி தலையை மூடி, முழுக்கை அணிந்து ஆடிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆக, 2018-இல் ஒரு தொடர் எடுப்பவருக்கு ஆளுக்கொரு உடையில் பாத்திரங்களை நிறுத்த வழி இருந்தது. சரி, பிகினியே இருந்துவிட்டுப் போகட்டும், ஆட்டத்தில் பலரும் அதைத்தான் விரும்பி அணிகிறார்கள். உடை ஆட்டக்காரியின் விருப்பம். கேமராவை எங்கே வைப்பது என்பது எடுப்பவரின் விருப்பம், புகார் அவர்மேல்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் ஹருகனா ரிசீவையே தேர்ந்தெடுத்தேன் என்றால், பந்து மேலே எழும்பியதும் அந்தக் கேமரா திருந்திவிடுகிறது. கண் பந்தின் மேல், காலின் மேல், எதிரே காலியாய்க் கிடக்கும் மணலின் மேல். கெய்ஜோவில் இந்தப் பிரிவு சாத்தியமே இல்லை, அங்கே உடம்புதான் பந்து.

நாயகிகளைத் தனித்தனியாக நிறுத்தினால் கெய்ஜோவின் கை ஓங்கியிருக்கும். நொஸோமிக்கு எதிரே ஹருகா கொஞ்சம் வெள்ளந்தி, எதற்கெடுத்தாலும் உற்சாகம், சில நேரம் அலுப்பு. ஜோடி ஜோடியாக நிறுத்தினால் கதை மாறுகிறது. சத்தம் போடும் கிளேரும் நிதானமான எமிலியும் இரட்டையர்கள், அம்மா பீச் வாலிபால் ஆட்டக்காரி. ஹருகாவுக்கும் கனாதாவுக்கும் ஆட்டம் பழக்கியவர்களே பின்னால் ஒகினாவா போட்டியில் எதிரே வந்து நிற்கிறார்கள். வில்லி என்று யாரும் இல்லை. யார் தோற்றாலும் நமக்கு வலிக்கும். அயாசா மட்டும்தான் பாவம், நருமிக்கும் கனாதாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சிரித்துச் சமாளிக்கிறாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்.

ஃபேன்சர்வீஸே வேண்டாம் என்பவர்களுக்குச் சொன்ன அந்த வேறொன்று, அதே 2018 கோடையில் வந்த 'ஹனெபாடோ'. பேட்மிண்டன். தொடக்கத்திலேயே நாகிசா என்ற பெண்ணை அயானோ 21-0 என்று நசுக்குகிறாள். அங்கிருந்து போகப் போக இறுக்கம்தான், சிரிப்பு குறைவு. மனசு லேசாக இருக்கும் நாளில் அதைத் தொட வேண்டாம்.

கெய்ஜோவை எடுக்கப்போகிறவர்கள் சிரிக்கத் தயாரான கூட்டத்தோடு பாருங்கள், தனியாகப் பார்த்தால் சீக்கிரம் சலிக்கும். ஹருகனா ரிசீவை எடுப்பவர்கள் முதல் பெரிய ஆட்டம் வரும்போது யார் எவ்வளவு உயரம் தாவுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, சர்வீஸ் யாரை நோக்கிப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.